துப்பாக்கியோடு கிளம்பும் முன்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டப் பக்கம், புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்த தம்பிகள் சனிக்கிழமையானால் மோட்டாரில் வந்து காட்டுக்கு வழி கேட்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். விசையில் விரல் வைக்காதே என்பதெல்லாம் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

லைசென்ஸ் இருக்கிறதே என்று காட்டுக்குள் போவது

அன்று காட்டுப்பன்றிகள் செம்பனைக் கன்றுகளைத் தோண்டிப் போட்டிருந்தன. குளம்படியைப் பார்த்துக்கொண்டே வாய்க்காலைத் தாண்டினேன். ஒரு மரத்தில் துருப்பிடித்த பலகை. பட்டை வளர்ந்து பாதி எழுத்தை விழுங்கியிருந்தது. 'ஹூத்தான் சிம்பான்', அதாவது பாதுகாக்கப்பட்ட காடு என்று படிக்க முடிந்தது. படித்த பிறகும் நடந்தேன். திரும்பி வரும்போது வன அதிகாரிகள் நின்றிருந்தார்கள். துப்பாக்கி போயிற்று. ஒன்பது மாதம் வேலையை விட்டுவிட்டு அலைந்தேன்.

போலீஸ் தரும் லைசென்ஸ் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டும்தான். பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் தனியாக வேட்டை லைசென்ஸ் எடுக்க வேண்டும். அது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஹூத்தான் சிம்பானுக்குள் போவதற்கு மாநில வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே சுடுவதென்றால் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு தாள் இன்னொன்றுக்கு ஈடாகாது.

"அண்ணே, லைசென்ஸ்ல துப்பாக்கி நம்பரே இருக்கே, அப்புறம் என்ன?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. நானும் அன்று அந்த அதிகாரியிடம் இதையேதான் சொன்னேன்.

இன்னொன்று. அந்தக் காட்டுக்கு உள்ளே தெமியார் என்னும் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. பிரம்பு வெட்டப் போகிறவர்கள் புதருக்குள் குனிந்திருப்பார்கள். புதர் அசைந்தால் பன்றி என்று முடிவு கட்டாதீர்கள்.

ஏர் கன்தானே என்பது

அதே ஆயுதச் சட்டம் ஏர் கன்னையும் ஆயுதமாகத்தான் சேர்த்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்.

காட்டோரம் டின் நிறுத்திச் சுட்டுப் பழகுவது

வேண்டாம். அனுமதி பெற்ற சுடுதளத்துக்குப் போங்கள்.

நண்பனிடம் கொடுப்பது

லைசென்ஸ் உங்கள் பேரில். ஒரே ஒரு வெடி என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.