தொழில் அறிந்தவர்கள் படிப்பார்களே என்று எழுதத் தயங்குகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் மீன்வலை விற்பவரும், மார்த்தாண்டத்தில் தேனை டின்னில் அடைத்து மொத்தமாக அனுப்புபவரும், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவரும் தங்கள் சரக்கைப் பற்றித் தொலைபேசியில் மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். அதையே பத்து வரியில் எழுதி நிறுவனத்தின் பெயரில் வெளியிடச் சொன்னால் பின்வாங்கிவிடுகிறார்கள். இதை வெறும் கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. பொதுமக்களுக்காக எழுதும்போது ஒரு பிழை யார் கண்ணிலும் படாமல் போகலாம். மொத்தக் கொள்முதல் செய்பவரும், தொழிற்சாலையின் தர மேலாளரும், ஏற்றுமதி முகவரும் படிக்கும்போது தவறான ஓர் எண்ணுக்குக்கூடத் தப்ப வழியில்லை, அதன் விளைவு அடுத்த ஆர்டரிலேயே தெரிந்துவிடும். ஆகவே ‘துணிந்து எழுதுங்கள்’ என்ற அறிவுரையால் இவர்களுக்குப் பயனில்லை. அச்சத்துக்கு அதிகம் இடம் தராத பொருளைத் தேர்ந்தெடுப்பதே செய்ய வேண்டிய முதல் வேலை.

அந்தப் பொருள் உங்கள் தொலைபேசிப் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்களுடைய சொற்களிலேயே குறித்து வாருங்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத ஆட்கள் எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களோ, அதற்கான பதில்தான் நீங்கள் எழுத வேண்டிய முதல் கட்டுரை. அந்தப் பதிலை நீங்கள் வாய்மொழியாகப் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். கேட்டவர்கள் குறுக்குக் கேள்வி போட்டிருக்கிறார்கள். பிறகு சரக்கையும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். எழுதுவதற்கு முன்பே சோதனையில் தேறிவிட்ட பதில் அது. ‘எங்கள் நிறுவனத்தின் பயணம்’, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்பன போன்ற தலைப்புகளை ஆசைக்காகக்கூடத் தொட வேண்டாம். அவற்றை எழுதுவதும் கடினம், படிக்கவும் ஆளில்லை.

தேன் வணிகத்தையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து மொத்தமாக வாங்கும் ஒருவர், “அண்ணாச்சி, டின்னுக்கு அடியில சீனி மாதிரி கட்டி நிக்குதே, என்னத்தக் கலந்திருக்கீய?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கட்டுரையின் முதல் வரி இந்தக் கேள்வியாகவும், இரண்டாவது வரி அதற்கான நேரடிப் பதிலாகவும் இருக்கட்டும்: தேன் உறைவது இயல்பு, அதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று முடிவு செய்ய முடியாது. அடுத்துக் காரணம் வர வேண்டும். தேனில் உள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸைக் காட்டிலும் நீரில் குறைவாகக் கரைவதால் படிகமாகப் பிரிந்து அடியில் தங்குகிறது; குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் இது விரைவாக நடக்கிறது. பின்னர், வாங்கியவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்: டின்னை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைத்தால் தேன் இளகும், அடுப்பில் நேரடியாகச் சூடாக்கினால், தேனின் சர்க்கரை சூட்டில் சிதைந்து உண்டாகும் எச்.எம்.எஃப். எனப்படும் சேர்மத்தின் அளவு கூடும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி அது ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடைசியாக, உங்களுக்குச் சாதகமில்லாத உண்மையையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்: உறைந்திருப்பது தூய்மைக்கும் சான்றாகாது, அதற்கு ஆய்வக அறிக்கையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். தொழில் தெரிந்த வாசகர் நம்பத் தொடங்குவது பெரும்பாலும் இந்த வரியில்தான் என்பது என் கருத்து.

இதைவிடத் தயக்கம் தரும் பொருளும் உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வருகிறது. அந்தத் தேனின் மூலம் பூ அன்று, இலையுதிர்வுக்குப் பிறகு வரும் தளிர் இலைகளின் காம்பு நுனியில் இருக்கும் சுரப்பிகள். இதை வெளியில் சொன்னால் ‘பூத்தேன் இல்லையா?’ என்று வாங்குபவர் முகம் சுளிப்பாரோ என்று பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் தேனுக்கான உணவுத் தர வரையறையே, மலர்களின் மதுவிலிருந்தோ தாவரங்களின் சுரப்பிலிருந்தோ தேனீக்கள் உண்டாக்குவது என்றுதான் கூறுகிறது. வரையறையையும் சுரப்பியின் படத்தையும் அருகருகே வைத்து நீங்களே முதலில் எழுதிவிட்டால், நாளை வேறொருவர் இதைக் குறையாகச் சொல்லும்போது விளக்கம் உங்கள் பெயரில் முன்பே இருக்கும்.

எழுதும்போது வாசகர் கூட்டத்தை நினைக்காமல், அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆளுக்குக் கடிதம் எழுதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முடித்தபின் விளிப்பையும் நல விசாரிப்பையும் நீக்கிவிட்டால் போதும். பிறகு ஒரு சிவப்பு மையை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், இது நான் கண்டது, இது ஆவணத்தில் உள்ளது, இது கேள்விப்பட்டது என்று குறியிடுங்கள். கேள்விப்பட்டவற்றுக்கு ஆவணம் தேடுங்கள், கிடைக்காதவற்றை அடித்துவிடுங்கள். கட்டுரை பாதியாகச் சுருங்கினாலும் கவலையில்லை. ‘யாராவது தவறு கண்டுபிடித்துவிட்டால்?’ என்ற அச்சத்துக்கு நான் அறிந்த ஒரே மருந்து இதுதான்.

மொழியைப் பற்றிய அச்சம் நம் பகுதிக்குச் சற்றுக் கூடுதல். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்த மாவட்டம் என்பதால் நம் பேச்சில் மலையாளச் சாயல் உண்டு, சென்னைக்காரரும் கோவைக்காரரும் நகைப்பார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். வாக்கியங்களைப் பொதுத் தமிழில் அமைத்துக்கொண்டு, பால்வெட்டு (ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பது), ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கொண்ட பால்), சிரட்டை (பால் பிடிக்கும் தேங்காய் ஓடு) போன்ற தொழிற்சொற்களை அப்படியே விட்டு, முதல் இடத்தில் மட்டும் சில சொற்களில் விளக்கிவிடுங்கள். சரக்கு வாங்க வருபவருக்கு அந்தச் சொற்கள் தேவைப்படும்.

போட்டியாளர் படித்துவிடுவார் என்பது இன்னொரு தயக்கம். இதில் எது உண்மையிலேயே ரகசியம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கோட்டயம் சந்தையின் ரப்பர் விலையை ரப்பர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது, ஆர்.எஸ்.எஸ். 4 எனப்படும் தரத்து, புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டை எப்படித் தரம் பிரிப்பது என்பதும் ஊரறிந்த செய்தி. இவற்றை மறைத்து வைப்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. உங்கள் லாப விகிதம், யாரிடம் எந்த விலைக்கு வாங்குகிறீர்கள், எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் தவணை என்பவை மட்டும் வெளியே போகக் கூடாதவை.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சவும் வேண்டும். உணவுப் பொருள் விற்பவர் ‘இது நோயைக் குணப்படுத்தும்’ என்று எழுதுவது 2018ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிமுறைகளுக்கு முரணானது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நம் மாவட்டத்து மட்டி வாழைப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய பெயரைச் சரக்கோடு சேர்த்து எழுதுமுன் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வாடிக்கையாளரின் பெயரையும் அவருடைய கிடங்கின் படத்தையும் அவர் எழுத்தில் சம்மதிக்காமல் போட வேண்டாம்.

வரைவு தயாரானதும், சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடமோ தொழிலில் இருக்கும் உறவினரிடமோ கொடுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் மனம் கோணாமல் இருக்கத் தலையாட்டுவார், அல்லது நடையைத் திருத்தத் தொடங்கிவிடுவார். “மாமா, இதுல தப்பான தகவல் ஏதாவது இருக்கா?” என்று மட்டும் கேளுங்கள். அவர் வாசித்துத் திருத்தித் தந்த கட்டுரையைப் பற்றி, ‘நேற்று வந்த பையன் எழுதுகிறான்’ என்று பிறகு அவரே சொல்ல மாட்டார் என்பது உபரி நன்மை.

அதற்குப் பின் கேள்வி கேட்ட சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் விளக்கங்களைச் சேர்த்து, அடுத்த வாரமே லிங்க்ட்இன் பக்கத்திலோ நிறுவனத்தின் தளத்திலோ ஏற்றிவிடலாம். யாராவது பிழையைச் சுட்டினால், நன்றி சொல்லி, திருத்தி, திருத்திய தேதியைக் கீழே குறிப்பிடுங்கள். யாருமே ஒன்றும் சொல்லாவிட்டால் அதைத் தோல்வி என்று கொள்ள வேண்டாம். கொள்முதல் மேலாளர்கள் விருப்பக்குறி இடுவது அரிது, விலை கேட்டு அழைக்கும்போதுதான் படித்ததைச் சொல்வார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போகுமானால், வெளியீட்டுத் தேதியை உங்கள் மனநிலையிடம் விடாமல் தொழிலின் பருவத்தோடு கட்டிவிடுங்கள். ரப்பர்த் தேனைப் பற்றிய கட்டுரை தளிர் விடும் காலத்துக்கு முன், ஜனவரியிலேயே வெளிவந்துவிட வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் நம் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் உள்ளிட்ட மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் நடப்பில் உள்ளது. விசைப்படகுகள் கரையில் நின்று வலைகள் பழுதுபார்க்கப்படும் அந்த வாரங்களில் வலை வியாபாரி எழுதினால் படிப்பதற்கு ஆள் இருக்கும், ஆகஸ்டில் படகுகள் கடலுக்குப் போனபின் எழுதினால் இருக்காது.