புரதம் துளைக்குள் போனதா? நுண்துளைப் பரப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்துளை சிலிக்காவைப் புரதக் கரைசலில் போட்டுக் குலுக்கி, மையவிலக்கியில் சுற்றி, மேலே தெளிந்த கரைசலில் புரதம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வழக்கமான முறை. குறைந்ததெல்லாம் துளைக்குள் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். கரைசல் நீர்த்ததாக இருந்தால், குழாயின் பிளாஸ்டிக் சுவரே கணிசமான பங்கை இழுத்துக்கொள்ளும். துகள் போடாத குழாய் ஒன்றையும் கூடவே குலுக்கி அளக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: சுற்றிய பிறகும் மிதக்கும் துகள்கள் புரதத்தை அளக்கும் 280 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியைச் சிதறடித்து, இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டும். சாதாரணப் புரதங்கள் ஒளியை உறிஞ்சாத 350 நானோமீட்டரிலும் அளந்து பாருங்கள். அங்கேயும் எண் ஏறினால் துகள் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

பரப்பளவு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பரப்பில் ஒட்டும் வாயுவின் அளவைக் கொண்டு பரப்பளவைக் கணக்கிடும் பிஇடி (BET) முறையில் 77 கெல்வினில் நைட்ரஜனை வைத்து அளக்கிறோம். நைட்ரஜன் மூலக்கூறு சுமார் 0.36 நானோமீட்டர், லைசோசைம் என்ற சிறிய புரதம் ஏறக்குறைய 3×3×4.5 நானோமீட்டர். நைட்ரஜன் நுழையும் இடமெல்லாம் புரதமும் நுழையும் என்று எண்ணி, ஒட்டிய புரதத்தை அந்தப் பரப்பால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எஸ்பிஏ-15 (SBA-15) என்ற சிலிக்காவைப் போன்ற அகலத் துளைப் பொருளிலும் சுவருக்குள் மிகச் சிறிய துளைகள் உண்டு. அந்தப் பரப்பும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதே வேதித்தன்மையும் அளவும் கொண்ட துளையில்லாத துகளோடு ஒப்பிடுவது இதைவிட நேர்மையான வழி.

புரதத்துக்கும் பரப்புக்கும் இடையே ஈர்ப்பு கூடினால் ஏற்றமும், அதாவது ஒட்டும் புரதத்தின் அளவும், கூடும் என்பதும் எப்போதும் சரியல்ல. நடுநிலை பிஹெச்சில் சிலிக்காவுக்கு எதிர்மின் சுமை. சமமின் புள்ளி (நிகர மின்சுமை சுழியாகும் பிஹெச்) 11-ஐ ஒட்டியுள்ள லைசோசைமுக்கு நேர்மின் சுமை. ஈர்ப்பு மிகப் பலமாக இருந்தால் முதலில் வரும் மூலக்கூறுகள் துளை வாயிலேயே ஒட்டி, பின்னால் வருபவற்றை மறித்துவிடலாம். பிஹெச்சை மாற்றும்போது உப்பின் செறிவும் சேர்ந்து மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எதனால் என்ன நடந்தது என்று பிரிக்கவே முடியாது.

கரைசலின் செறிவுக்கு ஏற்ப எவ்வளவு புரதம் ஒட்டுகிறது என்று காட்டும் லாங்மியூர் கோடு அழகாகப் பொருந்துகிறதா? அந்தச் சமன்பாடு, ஒட்டியது கழன்றும் வரும் என்ற மீள்தன்மையை எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. கரைசலை நீர்த்துப்போகச் செய்து, புரதம் கழன்று வருகிறதா என்று பார்க்காமல் அதிலிருந்து பிணைப்பு மாறிலி எடுக்கக் கூடாது.

ஒட்டிய நொதியின் செயல்திறன் குறைந்தால் உடனே 'உருக்குலைந்துவிட்டது' என்று முடிவு கட்டுகிறார்கள். நொதி மாற்ற வேண்டிய வினைபடுபொருள் துளைக்குள் மெதுவாகப் பரவுவதாலும் அப்படி ஆகலாம். அதே துளை அளவும் அதே புரத ஏற்றமும் கொண்ட சிறிய துகள்களில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். செயல்திறன் ஏறினால், தடை பெரும்பாலும் பரவலில்தான்.