இருட்டுத் தெருவுக்கு ஒரு வரைபடம்: கோபோ டூல்பாக்ஸில் செய்வது எப்படி?

எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் "ரெண்டாவது தெரு ஒரே இருட்டு", "ஸ்கூல் பக்கம் மூடி திறந்து கிடக்கு" என்று தினமும் ஏதாவது வரும். அடுத்த பத்து குட் மார்னிங்குக்குள் அது காணாமல் போய்விடும். படம் போட்டாலும் இடம் தெரியாது, ஏனென்றால் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து ஜிபிஎஸ் தகவலை வாட்ஸ்அப் எடுத்துவிடுகிறது. அதனால்தான், புகார்களைப் படிவத்தில் வாங்கி இடத்தோடு காட்டும் இந்த வரைபடம்.

கூகுள் ஃபார்ம்ஸ் போதாதா என்பீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ஜிபிஎஸ் புள்ளி எடுக்க வசதி கிடையாது, படம் ஏற்ற வேண்டுமென்றால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். இணையத்தில் படிவம் செய்து தகவல் சேகரிக்க உதவும் கோபோ டூல்பாக்ஸில் இரண்டு தொல்லையும் இல்லை. இலவசக் கணக்கே போதும்.

1. முதலில் ஒரு தாள்

கணினியைத் திறப்பதற்கு முன், எந்தப் புகார் யாரிடம் போகும் என்று எழுதிக்கொள்ளுங்கள். சென்னைக்கு என் பட்டியல்:

- தெருவிளக்கு எரியவில்லை: மாநகராட்சி, 1913
- பாதாளச் சாக்கடை மூடி: குடிநீர் வாரியம், 1916
- மழைநீர் வடிகால் மூடி: மாநகராட்சி
- தொங்கும் கம்பி, திறந்த பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி): மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்), 94987 94987
- கேலி, பின்தொடர்தல்: காவல் துறை

இரண்டு மூடிகளும் பார்ப்பதற்கு ஒன்று போலத்தான் இருக்கும். மாற்றிச் சொன்னால் "இது எங்களுடையது இல்லை" என்று புகாரை மூடிவிடுவார்கள். அதனால் படத்தைக் கட்டாயக் கேள்வியாக வையுங்கள். எந்த மூடி என்பதைப் பிறகு நீங்கள் பார்த்து முடிவு செய்யலாம், அனுப்புகிறவர் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

2. படிவம்

புதிய புராஜெக்ட் தொடங்கி ஐந்தே கேள்விகள் வையுங்கள்: என்ன பிரச்சினை (ஒன்றைத் தேர்வு செய்வது), இடம் ('பாயிண்ட்' வகை), படம், மின்கம்ப எண், கூடுதல் விவரம். கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைக் கொடுத்தால் ஆள் வந்து தெருத் தெருவாகத் தேட வேண்டியதில்லை. எண் அழிந்துபோன கம்பங்களும் உண்டு, எனவே அதைக் கட்டாயமாக்காதீர்கள். பெயரும் கைபேசி எண்ணும் கேட்கவே கேட்காதீர்கள். பெயர் கேட்டால் பெண்கள் எழுத மாட்டார்கள்.

படிவத்தின் முதல் வரியில் இதை எழுதுங்கள்: "இப்போது ஆபத்தில் இருந்தால் 112-ஐ அழையுங்கள். இந்தப் படிவத்தை யாரும் உடனுக்குடன் பார்ப்பதில்லை."

3. இங்கேதான் எல்லோரும் மாட்டுவது

படிவத்தை வெளியிடும் 'டிப்ளாய்' பொத்தானை அழுத்தி, இணைப்பை எடுத்துக் குழுவில் போடுவீர்கள். உங்கள் கணினியில் அழகாகத் திறக்கும். மற்றவர்களுக்கோ பயனர்பெயர், கடவுச்சொல் கேட்டு நிற்கும். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதால் உங்கள் கண்ணுக்கு அது படாது.

படிவத்தின் பக்கத்தில், தரவு சேகரிக்கும் பகுதியில், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் பதிவுகளை அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போடுங்கள். பகிர்வு அமைப்பில், வந்த பதிவுகளை எவரும் பார்க்கலாம் என்ற அனுமதி வேறாக இருக்கும், அதன் பக்கமே போகாதீர்கள். பிறகு உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் இணைப்பைத் திறந்து, ஒரு பதிவை நீங்களே அனுப்பிப் பாருங்கள்.

4. வரைபடம்

கோபோவுக்குள்ளேயே வரைபடம் உண்டு. ஊருக்குக் காட்ட நான் கூகுள் மை மேப்ஸ் (நாமே புள்ளி வைத்து வரைபடம் செய்யும் வசதி) வைத்திருக்கிறேன். கோபோவிலிருந்து பதிவுகளைப் பதிவிறக்கும்போது சிஎஸ்வி கோப்பு வேண்டாம். கோபோ தருவதில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இருக்கும், மை மேப்ஸில் நெடுவரிசைகள் குழம்பும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல் கோப்பு) எடுங்கள். அதிலும் லேபிள்களைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழில் எழுதிய விடைகளுக்குப் பதில் குறியீடுகள்தான் வரும். ஏற்றியதும் அட்சரேகை, தீர்க்கரேகை நெடுவரிசைகளைக் காட்டினால் புள்ளிகள் விழும். ஓர் ஏற்றத்துக்கு 2,000 வரிதான் எல்லை, ஒரு வார்டுக்கு அது தாராளம்.

ஏற்றும் முன் 'கூடுதல் விவரம்' நெடுவரிசையை நீக்குங்கள். புள்ளியைத் தொட்டால் எல்லா நெடுவரிசையும் விரியும், யாரோ ஒருவர் அதில் வீட்டு எண்ணோடு எழுதியிருப்பார். கேலி, பின்தொடர்தல் பற்றிய புள்ளிகளை உள்ளபடி போடாமல் அருகிலிருக்கும் தெருமுனைக்கு நகர்த்துங்கள். எழுதியவர் எந்த வாசலில் நின்று எழுதினார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

(பெரிய அளவில் பார்க்க விரும்பினால் சேஃப்டிபின் என்ற பாதுகாப்புச் செயலி இருக்கிறது. 2013-ல் தொடங்கியது. வெளிச்சம், நடைபாதை, ஆள் நடமாட்டம் என்று அளவுகோல்கள் வைத்து ஓர் இடத்துக்கு மதிப்பெண் போடுகிறது. ஒரு வார்டு சங்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை.)

பின்சேர்க்கை: புள்ளி பக்கத்து ஏரியாவில் விழுகிறது என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். இருவருமே ஐபோன்காரர்கள். செட்டிங்ஸில் லொகேஷன் சர்வீசஸ் போய், சஃபாரி வெப்சைட்ஸுக்குள் 'பிரசைஸ் லொகேஷன்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் அப்படி நடந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் உட்கார்ந்து அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்று: ஒரே விளக்குக்கு ஏழெட்டுப் பதிவு வந்தால் அழிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அழிக்காதீர்கள். வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கி, எத்தனை பேர் சொன்னார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். உதவிப் பொறியாளரிடம் போகும்போது அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.