இரத்தம் குடித்த உண்ணியும் பிசிஆரும்: என் அனுபவம்

மாட்டு உண்ணிகளில் ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ், ரிப்பிசெஃபாலஸ் அன்யூலேட்டஸ் என்ற இரு இனங்களைப் பிரித்தறிவது தலைவலி. ஆண் உண்ணி கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மைக்ரோப்ளஸ் ஆணுக்குச் சிறு வால் நீட்சி உண்டு, மற்றதற்குக் கிடையாது. எனக்கு வந்தவையோ ஆமணக்கு விதைபோல உப்பிய பெண் உண்ணிகள். பிடுங்கியவர் அவசரத்தில், இனம் காண உதவும் வாயுறுப்பை மாட்டுத் தோலிலேயே விட்டுவிட்டார்.

எனவே டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, அதன் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறைக்குப் போனேன். முழு உடலை அரைத்தால் கரைசல் பழுப்பாகிறது, பெருகிய டிஎன்ஏவைக் காட்டும் ஜெல்லில் பட்டையே இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீம் என்ற நிறமி, டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதியை முடக்கிவிடுகிறது. போதாததற்கு மாட்டின் டிஎன்ஏவும் கலந்து நிற்கிறது.

கால்களை மட்டும் எடுத்தேன், தொல்லை தீர்ந்தது. மாதிரிகளைப் பாதுகாத்த ஆல்கஹாலைக் காகிதத்தில் ஒற்றி உலரவிட்டு, கால்களைப் பொடிப்பொடியாக நறுக்கி, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி சேர்த்து 56 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். நறுக்குவதில் சோம்பல் கூடாது. கைட்டின் என்ற கடினப் பொருளாலான ஓடு லேசில் விட்டுக்கொடுக்காது. உடல் சிதையாமல் சான்று மாதிரியாகவும் மிஞ்சுகிறது. பட்டை மங்கலாக இருந்தால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள், நொதியை முடக்கும் பொருளும் நீர்த்துப்போகும்.

மரபணுத் தேர்வும் முக்கியம். ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான 18எஸ் மரபணு நெருங்கிய இனங்களிடையே அநேகமாக மாறுவதே இல்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணு வேகமாக மாறுவது. பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளாக, 1994இல் வந்த ஃபோல்மர் பிரைமர்களே போதும், சுமார் 658 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீள வரிசை கிடைக்கும். என் மாதிரிகள் மைக்ரோப்ளஸ் கிளையில் விழுந்தன. ஆனால் மரபணு வரிசைத் தரவுத்தளம் முதலில் காட்டும் பெயரை அப்படியே எழுதிவிடாமல், வரிசைகளின் உறவைக் காட்டும் மரபு மரம் வரைந்து பாருங்கள்: மைக்ரோப்ளஸ் என்ற பெயருக்குள்ளேயே அன்யூலேட்டஸுக்கு நெருக்கமான ஒரு கிளை இருக்கிறது.