அம்மாவ புடாபெஸ்ட் வெந்நீர் குளத்துக்கு கூட்டிட்டு போறது எப்படி

பாண்டியில பாதி வீட்டுக்கு பிரான்ஸ்ல ஒரு சொந்தம் இருக்கும், எங்களுக்கு அக்கா பாரிஸ் பக்கத்துல இருக்கா. போன நவம்பர்ல நானும் அம்மாவும் அவ வீட்டுக்கு போயிருந்தோம், வந்த நாலாவது நாளே அம்மாவுக்கு அந்த குளிர்ல முட்டி புடிச்சிக்கிச்சு, மெட்ரோ படி இறங்கறதுக்குள்ள மூணு தடவ நின்னாங்க. அப்பதான் அக்கா சொன்னா, ஹங்கேரி தலைநகரம் புடாபெஸ்ட் போலாம், பூமிக்குள்ள இருந்து சூடாவே தண்ணி வருது, அந்த ஊர்ல வயசானவங்க மூட்டு வலிக்கு டாக்டர் சீட்டோட போய் குளிக்கறாங்கன்னு. பாரிஸ்ல இருந்து ப்ளைட்ல ரெண்டு ரெண்டேகால் மணி நேரம்தான்.

போறதுக்கு முன்னாடி நான் நெட்ல தேடுனேன், எல்லாம் போட்டோ எங்க எடுக்கலாம் பீர் எங்க கிடைக்கும்னுதான் இருந்துச்சு. எனக்கு தெரிய வேண்டியது வேற. 67 வயசு அம்மாவுக்கு என்ன உடுத்தறது, தாலிய என்ன பண்றது, தலைக்கு எண்ணெய் வச்சிருக்கலாமா, எவ்ளோ நேரம் உள்ள இருக்கலாம், இது எதுக்கும் பதில் இல்ல. அதான் நானே எழுதறேன், அம்மா அப்பாவோட போறவங்களுக்காக.

மொதல்ல அந்த தண்ணி எங்க இருந்து வருதுன்னு சொல்லிடறேன், அம்மாவுக்கு நான் சொன்ன மாதிரியே. டான்யூப் ஆத்துக்கு மேற்கால பக்கம் பூடா, அது மலை, சுண்ணாம்பு பாறை, கிழக்கால பக்கம் பெஸ்ட், அது சமவெளி. மழத்தண்ணி அந்த சுண்ணாம்பு பாறை வெடிப்பு வழியா ரொம்ப ஆழத்துக்கு இறங்கி, பூமி சூட்டுல காஞ்சு, ஆத்தை ஒட்டி நிலம் பிளந்திருக்கற கோடு வழியா திரும்ப மேல ஏறுது. அம்மா உடனே "நெய்வேலி மாதிரியா"ன்னு கேட்டாங்க. கடலூர்காரங்களுக்கு அது தெரியும்ல, சுரங்கத்துக்கு அடியில தண்ணி மேல முட்டிக்கிட்டே நிக்கும், பம்ப் போட்டு எடுத்துக்கிட்டே இருந்தாதான் கரி வெட்ட முடியும். ஆமா கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா இங்க தண்ணி கொதிக்க கொதிக்க வருது. செய்ச்செனின்னு அங்க பேர் போன குளியல் கூடத்துக்கு தண்ணி எடுக்கற ஒரு கிணறு 1,200 மீட்டருக்கு மேல ஆழம், 1938ல தோண்டினது, மேல வரும்போது 77 டிகிரி இருக்கும். நம்ம குளிக்கறதுக்கு அத ஆற வச்சுதான் விடறாங்க.

ரோமானியர் காலத்துலயே இங்க குளியல் கூடம் இருந்துச்சு, அவங்க ஊர் பேரு அக்வின்கம், அந்த இடிபாடு இன்னும் இருக்கு. அப்புறம் 1541ல இருந்து 1686 வரைக்கும் துருக்கிக்காரங்க ஆட்சி, அவங்க கட்டுன குளியல் கூடத்துல இப்பவும் குளிக்கலாம், அதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம், கண்ணாடிக்குள்ள வச்சு பாக்க சொல்லல, உள்ள இறங்குன்னு சொல்றாங்க.

எங்க போறதுன்னு பாத்தா பேர் நெறைய இருக்கு. ஹங்கேரி எழுத்துல தனி எஸ் வந்தா ஷ, எஸ் இசட் சேந்து வந்தா ஸ, அத தெரிஞ்சிக்கிட்டா வழி கேக்க சுலபம், அவங்களே ஊர் பேர புடபெஷ்ட்னுதான் சொல்றாங்க.

செய்ச்செனி, இதுதான் எல்லா போட்டோலயும் வர்ற மஞ்ச கட்டடம், 1913ல திறந்தது, பெரிய பார்க்குக்கு நடுவுல இருக்கு. வெளிய மூணு குளம் உள்ள பதினஞ்சு குளம். ஏர்போர்ட்ல இருந்து 100E பஸ் ஏறுனா டேயாக் ஃபெரென்ஸ் சதுக்கத்துல விடும், அங்கயே கீழ இறங்கி எம்1 மெட்ரோ, வாசல்லயே ஸ்டேஷன், பேரே செய்ச்செனி ஃபுர்டோ (ஃபுர்டோன்னா குளியல் கூடம்). அந்த மெட்ரோ 1896ல ஓட ஆரம்பிச்சது, தரைக்கு கொஞ்சம் கீழதான் ஓடுது, படி கம்மி, முட்டி வலிக்காரங்களுக்கு இது பெரிய விஷயம்.

ரூடாஷ், இது ஆத்தங்கரை மேலயே பூடா பக்கம், துருக்கிக்காரங்க 16ஆம் நூற்றாண்டுல கட்டினது. எட்டு தூண், நடுவுல எட்டு மூலை குளம் 36 டிகிரி, மேல குவிமாடம், அதுல சின்ன சின்ன ஓட்ட போட்டு கலர் கண்ணாடி பதிச்சிருக்காங்க, அந்த வெளிச்சம் கோடு கோடா தண்ணி மேல விழும். நாலு மூலையிலயும் சின்ன குளம், 28, 30, 33, 42 டிகிரின்னு. ஒரு காலத்துல ஆம்பளைங்களுக்கு மட்டும்தான், 2005க்கு அப்புறம்தான் பொம்பளைங்கள விட்டாங்க. அந்த பழைய பகுதிக்கு ஆண்களுக்கு தனி நாள் பெண்களுக்கு தனி நாள்னு வைக்கற பழக்கம் உண்டு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட்ல அன்னைக்கு யாருக்குன்னு பாத்துட்டு போடுங்க. பெண்கள் நாள் கிடைச்சா விடாதீங்க, ஆம்பளைங்க முன்னாடி தண்ணியில இறங்க கூச்சப்படற அம்மாங்களுக்கு அத விட நல்ல வழி இல்ல.

லூகாச், எங்க மூணு பேருக்கும் ரொம்ப புடிச்சது இதுதான், அத தனியா சொல்றேன். கெல்லேர்ட்டுன்னு ஒண்ணு 1918ல கட்டினது, தூணும் மொசைக்கும் பாக்கவே கண்கொள்ளாது, ஆனா 2025 அக்டோபர்ல இருந்து மராமத்துக்கு மூடியாச்சு, 2028ல திறக்கறதா சொல்லியிருக்காங்க, பழைய வீடியோ பாத்து அத நம்பி ப்ளான் போடாதீங்க. கிராய்னு ஒரு துருக்கி குளமும் மராமத்துலதான் இருக்கு.

விசா, காசு ரெண்டும் சுருக்கமா. இந்திய பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா), எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டு விசா எடுக்கணும், எங்களுக்கு பிரான்ஸ் விசாவே போதும். பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கற நம்மூர்காரங்களுக்கு இந்த கவலையே இல்ல. அங்க யூரோ இல்ல, ஃபோரின்ட், கார்டு எல்லா இடத்துலயும் வாங்கறாங்க. செய்ச்செனிக்கு ஆளுக்கு 10,000 ஃபோரின்டுக்கு மேல, நம்ம காசுக்கு 3,000ஐ தாண்டும், சனி ஞாயிறு இன்னும் கூட. லூகாச் கம்மி.

இப்ப டிரஸ். இதுதான் நம்ம ஆளுங்கள வாசல்லயே நிறுத்திடற விஷயம். அம்மா சொன்னாங்க, "தேவனாம்பட்டினத்துல மாசி மகத்துக்கு பொடவையோடதானடி முழுக்கு போட்டேன், இங்க மட்டும் என்ன". பொடவை, நைட்டி, சுடிதார், காட்டன் எதுவும் இங்க ஆகாது, நூல் தண்ணியில விழும்னு விட மாட்டாங்க. நீச்சல் டிரஸ் துணி, அந்த வழவழன்னு இழுத்தா நீளுதே, அதுல தச்சதா இருக்கணும். ஆனா அது குட்டியாதான் இருக்கணும்னு இல்ல. முழங்கை வரைக்கும் டாப்பு, கணுக்கால் வரைக்கும் பேன்ட், மேல இடுப்ப மறைக்கற மாதிரி ஒரு குட்டை பாவாடை, இப்படி நம்ம ஊர்லயே ஸ்போர்ட்ஸ் கடையில கேட்டு வாங்கலாம், ஆன்லைன்லயும் கிடைக்கும், கெளம்பறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. அக்கா பாரிஸ்ல தேடி கருநீலத்துல ஒண்ணு வாங்குனா, அம்மா அத ரெண்டு நாள் கட்டில் மேல போட்டு பாத்துக்கிட்டே இருந்தாங்க, தொடல. அங்க போய் பாத்தா அம்மா வயசு, அதுக்கு மேல வயசு பாட்டிங்க எல்லாம் ஒரு கூச்சமும் இல்லாம தடியூன்றிக்கிட்டு வந்து, தடிய ஓரமா சாத்திட்டு தண்ணியில இறங்கறாங்க, யாரும் யாரையும் திரும்பி பாக்கல. அத பாத்த அப்புறம்தான் அம்மா முகம் தெளிஞ்சுது.

தாலி. தங்க சங்கிலின்னா கழுத்து மூடுன டாப்புக்குள்ள விட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாது. மஞ்ச கயிறுன்னா சாயம் விடும், தண்ணியிலயும் துணியிலயும் ஒட்டும், ரெண்டு நாளைக்கு சங்கிலிக்கு மாத்திக்கறது நல்லது. வெள்ளி மட்டும் வேணாம், கந்தகம் இருக்கற தண்ணியில மெட்டி கொலுசு கறுத்துப் போயிடும். அம்மா மெட்டிய கழட்ட மாட்டேன்னு நின்னாங்க, கல்யாணம் ஆன நாள்ல இருந்து கழட்டல. கேபின் பெஞ்சுல உக்கார வச்சு, சோப்பு போட்டு நான்தான் திருப்பித் திருப்பி கழட்டுனேன், விரல்ல அந்த இடம் மட்டும் வெள்ளையா பள்ளமா இருந்துச்சு, அம்மா அதையே கொஞ்ச நேரம் தடவிட்டு இருந்தாங்க. என் ஹேண்ட்பேக்ல திருநீறு பொட்டலத்துக்குள்ள வச்சு ஜிப் போட்டுட்டுதான் எழுந்தாங்க.

தலைக்கு எண்ணெய் வச்சிட்டு போகாதீங்க, சனிக்கிழமை எண்ணெய் குளியல் நெனப்புல போனா எல்லாருக்கும் சங்கடம், முந்தின நாளே சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிடுங்க. இறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல சோப்பு போட்டு குளிச்சிட்டுதான் இறங்கணும். நீச்சல் அடிக்கற குளத்துக்கு மட்டும் தொப்பி கட்டாயம், சும்மா உக்கார்ற வெந்நீர் குளத்துக்கு வேணாம், ஆனா நீள முடிய தூக்கி கொண்டை போட்டுடுங்க.

பையில வைக்க வேண்டியது ஆளுக்கு ரெண்டு துண்டு, வழுக்காத ரப்பர் செருப்பு, தண்ணி பாட்டில், ஈரத் துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. அங்க வாடகைக்கும் விலைக்கும் கிடைக்கும்தான், ஆனா விலை அதிகம். டிக்கெட்ல லாக்கர், கேபின்னு ரெண்டு வகை கேப்பாங்க, லாக்கர்னா பொது ரூம்ல மாத்திக்கணும், கேபின்னா சின்ன தனி அறை. வயசானவங்க இருந்தா யோசிக்காம கேபின் எடுங்க, உள்ள நின்னு உதவி பண்ணலாம். கையில வாட்ச் மாதிரி ஒரு பட்டை கட்டி விடுவாங்க, அதான் சாவி, கதவுல காட்டுனா திறக்கும். கேபின் நம்பர போன்ல எழுதி வச்சுக்குங்க, உள்ள எல்லா வழியும் ஒரே மாதிரி இருக்கும். மாத்தற இடத்துல போர்டுல Nőiன்னு இருந்தா பெண்கள், Férfiன்னு இருந்தா ஆண்கள்.

தண்ணிக்குள்ள எப்படி இருக்கணும்ங்கறதுல நாங்க ஒரு தப்பு பண்ணோம், நீங்க பண்ணாதீங்க. மொத நாள் காலையில ஆசையில நேரா 40 டிகிரி பக்கம் இருக்கற குளத்துல இறங்கிட்டோம், அம்மா கண்ண மூடி சாஞ்சிக்கிட்டாங்க, சுகமா இருக்குன்னாங்க, நாங்களும் பேசிக்கிட்டே அரை மணிக்கு மேல விட்டுட்டோம். எழுந்து படி ஏறும்போது தள்ளாடி என் தோள்ல சாஞ்சுட்டாங்க, உதடு வெளுத்துப் போச்சு. பெஞ்சுல படுக்க வச்சு கால தூக்கி வச்சு தண்ணி குடுத்தப்புறம்தான் சரியாச்சு, எனக்கு அந்த பத்து நிமிஷம் கையெல்லாம் நடுங்கிச்சு. சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சு பிபி இறங்கும், திடீர்னு எழுந்தா தல சுத்தும், அது தெரிஞ்சும் அசந்துட்டேன்.

அதனால மொதல்ல 33, 34ல ஆரம்பிங்க, அப்புறம் 36, கடைசியாதான் 38. ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம் போதும், வெளிய வந்து துண்ட போத்திக்கிட்டு அதே அளவு நேரம் உக்காந்துட்டு திரும்ப இறங்குங்க. 42 டிகிரி குளத்துல அம்மாவ இறக்கவே இல்ல, நானே மூணு நிமிஷத்துல வந்துட்டேன். எழும்போது கம்பிய புடிச்சு மெதுவா. வயிறு முட்ட சாப்ட்டு போகாதீங்க, வெறும் வயித்துலயும் வேணாம். இதய நோய் இருக்கறவங்க, பிபி மாத்திரை போடறவங்க, சுகர்காரங்க நம்ம ஊர் டாக்டர்கிட்ட கேட்டுட்டு கெளம்புங்க, கர்ப்பிணிங்க இந்த சூட்டுத் தண்ணிய தவிர்க்கறது நல்லது. 14 வயசுக்கு கீழ பசங்களுக்கும் இந்த தண்ணி ஏத்ததில்லன்னு அங்கயே சொல்றாங்க, பேரப்பசங்கள கூட்டிட்டு போற ப்ளான்னா மொதல்ல விதிய பாத்துக்குங்க.

நேரம்னா காலையில திறந்த உடனே. நவம்பர் குளிர்ல செய்ச்செனி வெளிக் குளத்துல ஆவி எழும்பும் பாருங்க, மார்கழி காலையில கடலூர் கெடிலம் மேல பனி நிக்குமே அத விட அடர்த்தியா, பக்கத்துல இருக்கற ஆள் மூஞ்சி தெரியாது. கேபின்ல இருந்து வெளிக் குளம் வரைக்கும் இருக்கற அந்த இருபது முப்பது அடிதான் கஷ்டம், காத்து பல்ல கடிக்க வைக்கும், செருப்ப போட்டு துண்ட போத்திக்கிட்டு நடங்க, ஓடாதீங்க, தரை ஈரம். நெஞ்சளவு தண்ணியில நின்னுக்கிட்டு தாத்தாங்க செஸ் ஆடறாங்க, அம்மா ஒரு ஆட்டம் முடியற வரைக்கும் வேடிக்கை பாத்தாங்க.

ரெண்டாவது நாள் லூகாச். பூடா கரையில ஓடற 19, 41 டிராம் ரெண்டும் வாசல் பக்கம் நிக்கும். கூட்டம் கம்மி, உள்ளூர் ஆளுங்கதான் அதிகம், சத்தம் இல்ல. முற்றத்துல ஒரு சுவர் முழுக்க சின்ன சின்ன பளிங்குக் கல் பதிச்சிருக்கு, இந்த தண்ணியில குளிச்சு குணமானவங்க நன்றி சொல்லி வச்சது, வேற வேற மொழியில, வேற வேற காலத்துல. அக்கா படிச்சு சொன்னதும் அம்மா செருப்ப கழட்டிட்டாங்க. வேளாங்கண்ணியில வெள்ளியில கை கால் செஞ்சு வச்சிருக்காங்கல்ல, வைத்தீஸ்வரன் கோயில்ல உண்டியல்ல போடுவோமே, அதேதான்னு சொல்லி ஒரு கல்ல தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நாங்க எத பாத்து வாய பொளந்தாலும், அந்த ஊர்ல அம்மாவுக்கு சொந்தமா பட்டது அந்த சுவர் ஒண்ணுதான்.

முட்டி குணமாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு குளியல்ல அது நடக்காது, அங்க டாக்டர் எழுதிக் குடுக்கறதே வாரக்கணக்குல. ஆனா அந்த ரெண்டு ராத்திரியும் அம்மா தைலம் கேக்காம தூங்குனாங்க, காலையில ஹோட்டல் படிய நிக்காம இறங்குனாங்க.

குளிச்சு முடிச்சதும் தலைய நல்லா காய வச்சு, காத மூடி குல்லா போட்டுட்டுதான் வெளிய வரணும், முடி காய வைக்கற மெஷின் உள்ளயே இருக்கு. தண்ணி நெறைய குடிங்க. பசி எடுக்கும், லாங்கோஷ்னு பெரிய பூரி மாதிரி எண்ணெயில பொரிச்சு மேல புளிப்பு க்ரீமும் சீஸும் போட்டு தருவாங்க, ஒண்ணு வாங்குனா ரெண்டு பேருக்கு. ஹோட்டலுக்கு வந்ததும் நீச்சல் டிரஸ்ஸ நல்ல தண்ணியில அலசி ஹீட்டர் பக்கத்துல போடுங்க, விடியறதுக்குள்ள காஞ்சிடும். மூணாவது நாள் எங்களுக்கு மத்தியானம்தான் ப்ளைட், அம்மா ஆறு மணிக்கே எழுந்து அந்த கருநீல டிரஸ்ஸ மடிச்சு மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, "ஒரு மணி நேரம் போய்ட்டு வந்துடலாமாடி"ன்னு.