குழந்தையின் கண்ணருகே அக்கி: நாளைக் கடத்திவிடும் தவறுகள்

"அக்கி பெரியவங்களுக்குத்தானே வரும்" என்ற நினைப்பிலேயே முதல் இரண்டு நாள் போய்விடுகிறது. சின்னம்மை வந்துபோன குழந்தைக்கு அக்கியும் வரலாம். அம்மை இறங்கினாலும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். ஒரு வயதுக்குள் அம்மை கண்ட குழந்தைகளுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

பிள்ளைகளுக்கு வலி குறைவாக இருப்பதால் பூச்சிக்கடி என்று விட்டுவிடுகிறோம். கொப்புளங்கள் நெற்றி, மேல் இமை, மூக்கு என ஒரே பக்கமாக, முகத்தின் நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றால் அக்கியைச் சந்தேகியுங்கள். மூக்கு நுனியில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். அங்கே போகும் நரம்புக்கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. மூக்கில் இல்லையென்றால் கண் தப்பித்தது என்றும் அர்த்தமில்லை.

அடுத்தது அக்கி எழுதுவது. காவியைக் குழைத்துக் கோழி இறகால் பூசினால் எப்படியும் ஆறிவிடுகிறதே என்பார்கள். பூசாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் தோல் ஆறத்தான் போகிறது, பெயர் காவிக்குப் போகிறது. அதற்குள் கருவிழி பாதிக்கப்பட்டிருந்தால் காவி என்ன செய்யும்? கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவது நல்லது. எடைக்கேற்ற அளவை டாக்டர் சொல்வார். நேரம் கடந்துவிட்டாலும் போகாமல் இருக்காதீர்கள். மேலே தடவும் களிம்பு உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துக்கு ஈடாகாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. அதில் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இருக்கலாம்; கருவிழியில் புண் இருந்தால் அது கேடு செய்யும். கண் டாக்டரே சில சமயம் ஸ்டீராய்டு எழுதுவார்தான். ஆனால் கண்ணில் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்த்து, கண் அழுத்தமும் அளந்த பிறகு. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரைஸ் நோய்க்கு அது வழிவிடலாம்.

கொப்புள நீர் பட்டால் அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றும். கொப்புளங்கள் காயும்வரை குழந்தையைக் கர்ப்பிணிகளிடமும் கைக்குழந்தைகளிடமும் விட வேண்டாம்.

பொருக்கு உதிர்ந்ததும் டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். கண்ணுக்குள் அழற்சி வாரங்கள் கழித்தும் வரும். ஒரு கண் மங்கினால் பிள்ளைக்குத் தெரியாது. ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவரிலுள்ள காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கருவிழி மரத்துப்போயிருந்தால் புண் இருந்தும் வலிக்காது. எனவே வலியே இல்லாமல் கண் சிவந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.