ஹை-ரெஸ் கோப்புக்குக் காசு கொடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் அடெல்ஃபி கட்டடத்து ஹை-ஃபை கடைகள் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான்: "சிடிக்கும் 24 பிட் கோப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!" சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியவைதான் ஹை-ரெஸ் கோப்புகள். ஒலியின் அளவை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறார்கள் என்பது பிட், நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை குறிக்கிறார்கள் என்பது கிலோஹெர்ட்ஸ். சொல்பவருக்கு வித்தியாசம் கேட்டிருக்கும், சந்தேகமில்லை. அதன் காரணம் பிட்டிலும் கிலோஹெர்ட்ஸிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடிக்கடி நடக்கும் தவறு, மாஸ்டரிங் வேறுபட்ட இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசத்தை ஃபார்மட் கணக்கில் எழுதுவது. மிக்ஸிங் முடிந்த பாடலின் சத்த அளவையும் தொனியையும் கடைசியாகச் சரிசெய்து வெளியீட்டுக்குத் தயார் செய்வதுதான் மாஸ்டரிங். 1990களில் இருந்து, 'நம்ம பாட்டு அடுத்தவன் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும்' என்ற போட்டி அதில் புகுந்துகொண்டது. லிமிட்டரைப் போட்டு உச்சங்களை அமுக்கி, மொத்தத்தையும் மேலே தூக்கிவிடுவார்கள். மிருதங்கத்தின் அடியில் இருந்த வீச்சு அதோடு போச்சு. 2008ல் வந்த மெட்டாலிகா ராக் குழுவின் 'டெத் மேக்னடிக்' சிடி இதற்குப் பேர்போனது. அதே பாடல்கள் 'கிடார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் அவ்வளவு நசுங்காமல் ஒலித்ததால், ரசிகர்கள் சிடியை விட்டுவிட்டு விளையாட்டுப் பதிப்பைத் தேடிப் போனார்கள்.

2007ல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வை ஹை-ரெஸ் ஆர்வலர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற ஹை-ரெஸ் வட்டுகளின் இசையை நேராக ஒருமுறை, சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒருமுறை எனக் கேட்க வைத்தார்கள். 554 முறை சோதித்ததில் சரியான பதில் 276. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும். எனக்குப் பிடித்தது அவர்கள் சொன்ன இன்னொரு விஷயம்: அந்த வட்டுகள் பெரும்பாலான சிடிகளைவிட நன்றாகவே ஒலித்தன. வாங்குவோர் சிறு கூட்டம் என்பதால், அவற்றைக் கூடுதல் அக்கறையோடு, நசுக்காமல் தயாரித்திருந்தார்கள். 2016ல் ஜோஷ்வா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான பதில் 52.3 விழுக்காடு. பயிற்சி பெற்ற காதுகளுக்கு அது 60 விழுக்காட்டைத் தாண்டியது. ஆக, பயிற்சி இல்லாத காதுக்கு வித்தியாசம் இருந்தாலும் மிகச் சிறியது.

வீட்டிலேயே சோதிக்க ஆசையா? ஹை-ரெஸ் கோப்பு ஒன்றை எடுத்து, நீங்களே 16 பிட், 44.1க்கு மாற்றுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே மாஸ்டரிங். பிறகு எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஃபூபார்2000 மென்பொருளில் இதற்கான ஏபிஎக்ஸ் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். சத்த அளவு மட்டும் சமமாக இருக்க வேண்டும். அரை டெசிபல் கூடினாலே, சத்தம் கூடியதாகத் தோன்றாது, 'தெளிவு' கூடியதாகத் தோன்றும். கடை டெமோவில் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். விற்பவருக்கேகூட அது தெரியாமல் இருக்கலாம்.

பழைய சினிமாப் பாடல்களில் 'ரீமாஸ்டர்' என்ற முத்திரையைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். சில நன்றாக இருக்கும். சிலவற்றில் டேப் இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் காற்றையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள். பழைய சிடி கையில் இருந்தால், இரண்டையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எம்பி3யை, விவரம் இழக்காத வகையான ஃப்ளாக்காக மாற்றினால் கோப்புதான் பெரிதாகும், போன விவரம் திரும்பாது. மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 16 பிட் தரும் 96 டெசிபல் இடைவெளி போதாது என்பவர்கள், வீவக அடுக்குமாடி வீட்டில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் 96 டெசிபல் வைத்துப் பார்க்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். இசைத்தட்டில் இருந்து பதிந்த கோப்புக்கு, இசை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளக்கும் டிஆர் மீட்டர் கூடுதல் எண் காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே மாஸ்டரில் இருந்து வெட்டிய தட்டாக இருந்தாலும், ஊசியும் ஆம்பும் அலையின் வடிவத்தை மாற்றுவதாலேயே அந்த எண் ஏறிவிடும்.

அப்புறம், எம்ஆர்டியில் ப்ளூடூத் இயர்பட்ஸில் கேட்பவர்கள். ஐபோனில் இருந்து சாதாரணப் ப்ளூடூத் வழியாகப் போவது எஸ்பிசி அல்லது ஏஏசி என்ற சுருக்கு முறையில்தான், இரண்டுமே விவரத்தை இழக்கும் வகை. 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்குக் கொடுக்கும் வெள்ளியை, இரைச்சலை நன்றாகக் குறைக்கும் இயர்பட்ஸுக்குக் கொடுக்கலாம்.